டிரம்ஸைத் தன் உயரத்துக்கு இறக்கிய சிக் வெப்

உயர்நிலை இரண்டில் படித்தபோது, பள்ளியில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் என் முதுகுத்தண்டு ஒரு பக்கமாக வளைந்திருப்பது தெரியவந்தது. அதன்பின் நாள்தோறும் பல மணி நேரம் சட்டைக்குள் கெட்டியான பிரேஸ் அணிய வேண்டியிருந்தது. அப்போது நான் பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்தால் முதுகு கடுக்கும். சொன்னால் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் என் மாமா ஒரு பழைய ஜாஸ் பாட்டைக் கேட்க வைத்தார். 1937இல் பதிவான ‘ஹார்லம் காங்கோ’. குழு முழுவதும் நிறுத்திவிட, டிரம்ஸ் மட்டும் தனியாகச் சீறிப் பாயும் இடங்கள் அதில் உண்டு. அதை வாசித்தவர் சுமார் நான்கு அடி உயரமே உள்ளவர், முதுகு கூனியவர் என்று மாமா சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அன்று தொடங்கி சிக் வெப்பைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

அவருடைய முழுப் பெயர் வில்லியம் ஹென்றி வெப். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1905ஆம் ஆண்டு ஓர் எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே காசநோய் அவருடைய முதுகுத்தண்டைத் தாக்கியது. வளர்ச்சி குன்றியது, முதுகு கூனியது. உருவம் சிறியது என்பதால் கோழிக்குஞ்சைக் குறிக்கும் ‘சிக்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. இறுகிப்போன உடலைத் தளர்த்த ஏதாவது ஒரு வாத்தியம் பழகச் சொல்லி மருத்துவர்தான் யோசனை கூறினாராம். சிறுவன் தெருவில் செய்தித்தாள் விற்றுக் காசு சேர்த்து டிரம்ஸ் வாங்கினான்.

பதின்ம வயதில் உல்லாசப் படகுகளில் வாசித்துப் பழகிய அவர், ஏறக்குறைய 17 வயதில் நியூயார்க் சென்றார். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் அப்போது ஜாஸ் இசை கொடிகட்டிப் பறந்தது. புகழ்பெற்ற இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் உதவியால் 1926இல் ஓர் இரவு விடுதியில் சொந்தக் குழுவோடு வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதன்பின் சில ஆண்டுகள் வேலை நிலையாக இல்லை. 1931இல்தான் ‘சவாய்’ நடன அரங்கின் நிரந்தரக் குழுவாக அவர்கள் காலூன்றினார்கள்.

சவாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதே ஹார்லத்தில் இருந்த ‘காட்டன் கிளப்’ விடுதியில் கறுப்பினத்தவர் மேடையில் ஆடிப் பாடலாம். வாடிக்கையாளராக உள்ளே வந்து உட்கார முடியாது. சவாயிலோ கறுப்பர், வெள்ளையர் இருவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அங்கே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு முடிக்கும்போது மறு குழு தொடங்கும். இசை நிற்கவே நிற்காது. இந்த அமைப்பால் இரு குழுக்கள் மோதிக்கொள்ளும் இசைப் போட்டிகளும் அங்கே பிரபலமாயின.

என்னை மிகவும் கவர்ந்தது வெப் தம் டிரம்ஸை அமைத்துக்கொண்ட விதம்தான். அவருடைய பேஸ் டிரம் 28 அங்குல விட்டம் கொண்டது. சாதாரணப் பெடல் அவர் காலுக்கு ஒத்துவராது. ஆகவே தமக்கேற்ற பெடல்களைச் செய்துகொண்டார். உயரத் தாங்கிகளில் இருக்க வேண்டிய சிம்பல்களை வளைந்த கம்பிகளில் கைக்கெட்டும் தூரத்துக்கு இறக்கினார். குழுவின் நடுவில் உயரமான பலகை மேடை போட்டு அதன்மேல் அமர்ந்தார். அங்கிருந்து டிரம்ஸ் அடியாலேயே குழுவுக்குச் சைகை கொடுத்தார்.

அவருக்கு இசைக்குறிப்புகளை வாசிக்கத் தெரியாது. ஒத்திகையில் கேட்டே ஒவ்வொரு பாட்டின் அமைப்பையும் மனப்பாடம் செய்துவிடுவார். எந்த இடத்தில் டிரம்பெட் எழும், எங்கே சாக்ஸஃபோன் அடங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. டிரம்ஸ் வாசிப்பவர் தாளம் போட்டால் போதும் என்றிருந்த காலத்தில், பாட்டின் ஏற்ற இறக்கத்தோடு டிரம்ஸும் பேச வேண்டும் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி.

1937 மே 11ஆம் தேதி, அன்று அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றிருந்த பென்னி குட்மன் குழு சவாய்க்குப் போட்டியிட வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஜீன் குரூப்பா, அந்தக் காலத்து நட்சத்திரம். அரங்கத்துக்குள் சுமார் 4,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கானோர். அன்றிரவு வென்றது வெப் குழு என்பதே பரவலான கருத்து. குரூப்பாவே வெப்புக்குத் தலை வணங்கினார்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தாயை இழந்து, ஹார்லம் தெருக்களில் அலைந்த பெண் அவர். 1934இல், 17 வயதில், அப்போலோ அரங்கின் புதுமுகங்கள் போட்டியில் முதல் பரிசு வென்றார். ஆனால் கசங்கிய உடையோடு வந்தவரைச் சேர்த்துக்கொள்ளக் குழுக்கள் தயங்கின. வெப்பும் முதலில் தயங்கியவர்தான். தோற்றத்துக்காகவே கேலிக்கு உள்ளானவர் அப்படித் தயங்கியது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆனாலும் ஒரு பல்கலைக்கழக நடன நிகழ்ச்சியில் பாட வைத்துப் பார்த்தார், மாணவர்களுக்குப் பிடித்துவிட்டது. 1935இல் எல்லா குழுவில் சேர்ந்தார். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை நடன இசையாக மாற்றி அவர் பாடிய இசைத்தட்டு நாடெங்கும் முதலிடம் பிடித்தது. குழுவின் வருமானமும் புகழும் உச்சத்தைத் தொட்டன.

வெப்பின் உடலோ சரிந்துகொண்டிருந்தது. வலியைப் பொருட்படுத்தாமல் வாசித்தார். நிகழ்ச்சி முடிந்ததும் மயங்கி விழுந்த நாள்களும் உண்டு. அது பொருளாதார மந்தக் காலம். தாம் படுத்துவிட்டால் குழுவில் உள்ளவர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கவலை அவருக்கு. 1939இல் பால்டிமோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் ஜூன் 16ஆம் தேதி காலமானார். வயது 34. காசநோய்க்கு எதிரான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1943இல். அவர் மறைந்த பிறகு எல்லாவே சில ஆண்டுகள் அந்தக் குழுவை வழிநடத்தினார். 1947இல் பால்டிமோரில் வெப் பெயரில் ஒரு பொழுதுபோக்கு மையம் திறக்கப்பட்டது.

வலியைத் தாங்கிச் சாதித்தவர் என்று மட்டும் சொல்லி இந்தக் கதையை முடிப்பது வழக்கம். எனக்கு அது போதவில்லை. அவர் ஓய்வெடுக்காததற்குக் காரணம் இருந்தது. அவரை நம்பிப் பலர் இருந்தார்கள், அவர் நோய்க்கு மருந்தும் இல்லை. என் நிலைமை அப்படியல்ல. என் வளைவு நோய்த்தொற்றால் வந்ததல்ல, உயிருக்கு ஆபத்தும் இல்லை. மருத்துவர் இருந்தார், பிரேஸ் இருந்தது. நான் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பயம் மட்டுமே காரணம்.

பள்ளி திறந்த முதல் வாரம் இசைக்குழு ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் இடத்தைப் பறிக்கவில்லை. இருக்கையின் உயரத்தை மாற்றினோம். சிம்பல்களைக் கீழே இறக்கினோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான் எழுந்து நிற்பேன். அந்த நேரத்தில் இன்னொரு மாணவி வாசிப்பார். என்னைவிட அவர் நன்றாக வாசித்த பாட்டுகளும் இருந்தன. அவற்றை அவருக்கே விட்டுக்கொடுத்தேன்.

இப்போது பிரேஸ் இல்லை. வார இறுதிகளில் நண்பர்களோடு வாசிக்கிறேன். எந்த அரங்குக்குப் போனாலும் யாரோ உயரமானவர் வாசித்துவிட்டுப் போன டிரம்ஸ்தான் எனக்குக் கிடைக்கிறது. இருக்கையையும் சிம்பல்களையும் என் அளவுக்கு மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் பிடிக்கிறது. நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.