கல்லில் மறைந்ததைக் கண்ட குவியர்

இன்று உலகில் காணப்படும் விலங்கினங்களேயன்றி, முன்னொரு காலத்தில் வாழ்ந்து அடியோடு மறைந்துபோன விலங்கினங்களும் பலவாகும். இவ்வுண்மையை இன்று சிறுவரும் அறிவர். ஆயின், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரையில் கற்றோருள்ளும் பலர் இதனை ஏற்றிலர். படைப்பில் ஓர் இனம் முற்றும் அழிதல் இயலாது என்பதே அவர்கள் கொள்கை. அக்கொள்கையைத் தக்க சான்றுகளால் மாற்றிய பேரறிஞர் ஜார்ஜ் குவியர் ஆவார்.

குவியர் 1769ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மோன்பெலியார் என்னும் ஊரில் பிறந்தார். இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்த அவ்வூர், அந்நாளில் ஜெர்மானியக் கோமகன் ஒருவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குவியர் இளமையிலேயே பூஃபோன் என்னும் அறிஞரின் இயற்கை வரலாற்று நூல்களை ஆர்வத்துடன் கற்றார். அவற்றிலுள்ள விலங்குப் படங்களைத் தாமே வரைந்து வண்ணம் தீட்டி மகிழ்ந்தார். ஸ்டுட்கார்ட் நகரில் கல்வி பயின்றபின், 1788ஆம் ஆண்டில் நார்மண்டியில் ஒரு பிரபுவின் இல்லத்தில் ஆசிரியராக அமர்ந்தார். கடல் அருகில் இருந்தது. ஓய்வு நேரங்களில் அவர் கடல்வாழ் உயிர்களை அறுத்து ஆராய்ந்து குறிப்புகள் எழுதினார். அவ்வாராய்ச்சியின் சிறப்பை அறிந்தோர் அவரைப் பாரிஸ் மாநகருக்கு அழைத்தனர். 1795ஆம் ஆண்டில் அங்குள்ள இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் அவர் பணியேற்றார்.

மறு ஆண்டிலேயே அவர் புகழ் பரவலாயிற்று. ஆப்பிரிக்க யானை, ஆசிய யானை, சைபீரிய மண்ணில் புதைந்து கிடந்த மாமதம் ஆகியவற்றின் பற்களையும் தாடைகளையும் அவர் ஒப்பிட்டு நோக்கினார். மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்றும், மாமதம் இன்று உயிருடன் இல்லாத இனம் என்றும் 1796ஆம் ஆண்டில் அறிவித்தார்.

உடலுறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்தவை என்பது குவியருடைய அடிப்படைக் கருத்து. புலால் உண்ணும் விலங்கிற்குக் கூரிய பற்கள் வேண்டும். அப்பற்களை இயக்கத்தக்க தாடை வேண்டும். இரையைப் பற்ற நகங்களும் வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, ஓர் உறுப்பைக் கண்டு ஏனையவற்றை உய்த்துணரலாம் என்று அவர் நம்பினார்.

இந்நம்பிக்கைக்கு ஒரு சோதனை விரைவில் வாய்த்தது. பாரிசை அடுத்த மோன்மார்த்தர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் இருந்தன. அங்கே கிடைத்த கல் ஒன்று இரண்டாகப் பிளந்தபோது, சிறு விலங்கு ஒன்றின் எலும்புக்கூடு இரு பாதியிலும் பதிந்திருந்தது. குவியர் முதலில் பற்களையும் தாடையையும் கூர்ந்து நோக்கினார். பற்களின் கூரிய முனைகள், அது புல்லை அரைத்துண்ணும் விலங்கு அன்று என்பதைக் காட்டின. தாடையின் வடிவமோ ஓப்பாசம் என்னும் விலங்கின் தாடையை ஒத்திருந்தது. ஓப்பாசம் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தில் வாழ்வது. அதன் உறவினம் பாரிசின் அடிநிலத்தில் கிடப்பதை எவரே எளிதில் நம்புவர்?

பையுடைய விலங்குகளின் இடுப்பெலும்பின் முன்புறத்தே மெல்லிய எலும்புகள் இரண்டு உண்டு. தம் முடிவு மெய்யாயின், அவ்விரண்டும் கல்லினுள் மறைந்திருத்தல் வேண்டும் என்று குவியர் துணிந்தார். சிலரை அழைத்து, காணப்போவது யாதென முன்னரே அறிவித்தார். வெட்டிய கல் மீண்டும் ஒட்டாது. முடிவு பொய்த்தால் அரியதோர் எச்சமும் சிதையும், அவருடைய முறையும் நகைப்புக்கு இடமாகும். எனினும் அவர் தயங்கவில்லை. மெல்லிய எஃகு ஊசியால் கல்லைச் சிறிது சிறிதாக அகழ்ந்தார். அவர் கூறிய இடத்திலேயே அவ்விரண்டு எலும்புகளும் வெளிப்பட்டன! இவ்வாய்வை அவர் 1804ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்வந்த அறிஞர் அம்மறைந்த இனத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். அது ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்பது இன்றைய கணிப்பு.

தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1812ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்ட குவியர், 1832ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் பாரிசில் மறைந்தார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பிற்கால அறிவியல் அக்கருத்தையே உறுதி செய்தது. ஓர் உறுப்பைக்கொண்டு முழு விலங்கையும் அறிதல் எப்பொழுதும் கைகூடுவதும் அன்று. ஆயினும், தம் முடிவை முன்கூட்டியே உரைத்து, பலர் காணச் சோதனைக்கு உட்படுத்திய அவருடைய நேர்மை போற்றத்தக்கது. பிழையென்று மெய்ப்பிக்கப்படவும் இடம் தந்து நிற்பதே அறிவியலின் துணிவு. அத்துணிவிற்குச் சான்றாக மோன்மார்த்தர்க் கல் இன்றும் பாரிசுக் காட்சியகத்தில் விளங்குகிறது.