பாதிக்கப்பட்டவரைத் தேடிச் சென்ற நீதி

இன்று நீதிமன்றங்களில் குற்றவாளிக்கு என்ன தண்டனை என்பதுதான் பேச்சு. அடிபட்டவரும் நிலத்தைப் பறிகொடுத்தவரும் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்குவதோடு சரி. வந்து போகும் பேருந்துச் செலவுகூடப் பலருக்கு அவரவர் பாடுதான். 1,300 ஆண்டுகளுக்கு முன் பாதிக்கப்பட்டோரின் உரிமையை மீட்பதையே ஆட்சியின் முதல் வேலையாக எடுத்துக்கொண்டவர் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

தாய் வழியில் அவர் உமர் (ரலி) அவர்களின் கொள்ளுப்பேரர். தந்தை வழியில் உமையா அரச குடும்பம். விலையுயர்ந்த ஆடை, நறுமணம் என்று செல்வச் செழிப்பில் வளர்ந்தவர். ஹிஜ்ரி 87இல் மதீனாவின் ஆளுநரானார். அங்கேதான் அவரது வாழ்வின் பெரிய வடு ஏற்பட்டது. கலீஃபா வலீதின் உத்தரவின்படி, அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபைக் கசையால் அடிக்கச் செய்தார். கடும் குளிரில் அவர் மீது தண்ணீரும் ஊற்றப்பட்டது. குபைப் இறந்துபோனார். மேலிடத்து உத்தரவு என்று சொல்லி உமர் தப்பித்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் யாராவது அவரைப் புகழ்ந்தால் குபைபை நினைத்துக் கலங்குவார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவரது பிற்கால நீதியைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவத்தை மறைக்காமல் சொல்வதே சரி என்று நினைக்கிறேன்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபாவானதும், அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பித் தரும் வேலையைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். தமக்கு வந்திருந்த மானிய நிலங்களை விட்டுக்கொடுத்தார். மனைவி ஃபாத்திமாவின் நகைகள் பைத்துல்மாலுக்குப் போயின. பிறகு உறவினர்களின் முறை. சும்மா இருப்பார்களா? குடும்பமே கொதித்தது. அவர் அசையவில்லை.

ஹிம்ஸைச் சேர்ந்த முஸ்லிமல்லாத முதியவர் ஒருவர், வலீதின் மகன் அப்பாஸ் தம் நிலத்தை எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். தந்தை எழுதிக் கொடுத்த பத்திரம் இருப்பதாக அப்பாஸ் வாதிட்டார். அல்லாஹ்வின் வேதத்துக்கு முன் வலீதின் பத்திரம் செல்லாது என்று முடிவாகி, நிலம் முதியவரிடமே திரும்பியது. கலீஃபாவின் மகன், எளிய குடிமகன் என்ற வேறுபாடு அந்த அவையில் எடுபடவில்லை.

தீர்ப்பைவிட அதற்கான வழியை அவர் எளிதாக்கியதே என்னை அதிகம் கவர்கிறது. முந்தைய ஆளுநர்களின் கொடுமை ஊரறிந்தது. அதனால் பாதிக்கப்பட்டவரிடம் அசைக்க முடியாத சான்று வேண்டும் என்று கேட்காமல், ஓரளவு விளங்கினாலே உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். வல்லவன் பறித்ததற்கு ஏழை எங்கே போய்ச் சாட்சி தேடுவான்? தொலைவிலிருந்து முறையிட வந்தவருக்குப் பயணச் செலவையும் கொடுத்தார். இராக்கில் இழப்பீடு கொடுத்துக் கொடுத்து அங்குள்ள கருவூலம் காலியாகிவிட, ஷாமிலிருந்து பணம் அனுப்பினார் என்று பதிவாகியுள்ளது.

சுமார் இரண்டரை ஆண்டுகளே ஆட்சி. ஹிஜ்ரி 101இல், நாற்பது வயதையொட்டி நோயுற்றார். பணியாள் ஒருவன் 1,000 தீனாருக்காக விஷம் வைத்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அதன்படி, அவன் ஒப்புக்கொண்டதும் அந்தப் பணத்தை வாங்கிப் பைத்துல்மாலில் சேர்த்துவிட்டு, அவனைத் தப்பிப் போகச் சொன்னார். பிறர் உரிமையில் ஒரு திர்ஹமும் விட்டுத்தராதவர், இங்கே பாதிக்கப்பட்டது தாம் மட்டுமே என்பதால் மன்னித்தார்.