காலங்கடந்த மன்னிப்பு – கணித மேதை ஆலன் டூரிங்

(இளங்கலைக் கணிதவியல், மூன்றாம் ஆண்டு)

கோவலனைக் கொல்வித்த பாண்டியன் அவைக்குக் கண்ணகி சென்றாள். இறந்த கணவனுக்காக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் குற்றமற்றவன் என்று வழக்குரைத்து, சிலம்பை உடைத்து மெய்ப்பித்தாள். தவறுணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறந்தான். மாண்டவனுக்கு நீதி வழங்கி என்ன பயன் என்று கேட்பாருக்குச் சிலப்பதிகாரம் அன்றே விடை கூறிவிட்டது. நம் காலத்திற்கு மிக அருகில் வாழ்ந்து, இறந்த பின்னர் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மன்னிப்புப் பெற்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே கணிப்பொறி இயலின் தந்தை எனப் போற்றப்படும் ஆலன் டூரிங்.

தமிழகத் தொடர்பு

டூரிங்கின் குடும்பம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடைய தாயின் தந்தை எட்வர்டு ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். தாய் எதெல் சாரா 1881-ஆம் ஆண்டு கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். இளையவரான ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையின் பணி இங்கிருந்தமையால், பெற்றோர் குழந்தைகளை இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினர். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்தே அவர் கழித்தார்.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், இரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனான டூரிங் ஏறத்தாழ அறுபது மைல் தனியாக மிதிவண்டியில் சென்று பள்ளியை அடைந்தார். கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி செல்லும் தொலைவு ஏறக்குறைய அவ்வளவே. அப்பள்ளியில் கிறிஸ்டபர் மார்க்கம் என்னும் மாணவர் அவருக்கு உயிர்த் தோழரானார். கணிதத்திலும் அறிவியலிலும் இருவரும் ஒருவரையொருவர் தூண்டி வளர்ந்தனர். 1930-இல் காசநோயால் மார்க்கம் மறைந்தார். அத்துயரம் டூரிங்கை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. மனம் என்பது எது, அது உடலோடு அழிவதோ என்ற வினா அவருள் அன்று எழுந்தது.

எண்ணத்தில் பிறந்த எந்திரம்

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935-இல் தம் இருபத்திரண்டாம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் குழுவில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையே இன்றைய கணிப்பொறிகள் அனைத்திற்கும் வித்து எனலாம். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதனை நிறுவ முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை ஒன்று உண்டா என்பது ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய வினா. டூரிங் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவற்ற நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து, எழுதி, அழித்து, இடமோ வலமோ நகரும் ஒரு முனை. இவ்வளவுதான் அதன் உறுப்புகள். இதனைக் கொண்டே ஹில்பர்ட் தேடிய பொது வழிமுறை இல்லை என்று நிறுவினார்.

அதைவிடப் பெரிய உண்மையொன்றும் அக்கட்டுரையில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் எந்திரம் தேவையில்லை. கட்டளைகளை மாற்றிக் கொடுத்தால் ஒரே எந்திரம் எல்லா எந்திரங்களின் வேலையையும் செய்யும். அடுப்பு ஒன்றே; செய்முறை மாறினால் இட்லியும் ஆகும், பாயசமும் ஆகும். இன்று நம் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியில் பாட்டும் கணக்கும் படமும் ஒருங்கே இயங்குவது இத்தத்துவத்தால்தான்.

போரில் ஒரு கணிதர்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், 1939 செப்டம்பரில் டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் இரகசிய நிலையத்தில் பணியேற்றார். ஜெர்மானியப் படையினர் ‘எனிக்மா’ என்னும் எந்திரத்தால் செய்திகளைச் சங்கேதமாக்கி அனுப்பினர். நாள்தோறும் மாறும் அதன் அமைப்பு முறைகள் கோடி கோடிக் கணக்கானவை. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே அதில் வழி கண்டிருந்தனர். டூரிங் அவ்வழியை மேலும் விரித்து, ‘பாம்பே’ என்னும் எந்திரத்தை வடிவமைத்தார். 1940 முதல் அது இயங்கியது. அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்து வந்த நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்கும் பிரிவுக்கு அவரே தலைமை தாங்கினார். அப்பணியால் காக்கப்பட்ட உயிர்கள் பல. எனினும் அஃது ஏறத்தாழ முப்பதாண்டுகள் இரகசியமாகவே காக்கப்பட்டதால், தம்மைக் காத்தவர் யாரென்று அம்மக்கள் அறியவில்லை.

போருக்குப் பின் கணிப்பொறி ஒன்றை முழுமையாக வடிவமைத்தார். 1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1950-இல் எந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1951-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உயிர்களின் உடலில் வரிகளும் புள்ளிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்கும் கணித விளக்கம் தந்தார்.

குற்றமும் தண்டனையும்

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே காவல்துறையிடம் முறையிட்டார். விசாரணையில், இளைஞர் ஒருவரோடு தமக்கிருந்த உறவை அவர் மறைக்கவில்லை. திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளியானார். ஆணோடு ஆண் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கப்பட்டது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டை 1895-இல் சிறைக்கு அனுப்பியதும் அதே சட்டமே.

1952 மார்ச் 31-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சிறைக்குப் பதிலாக, ஓராண்டு ஹார்மோன் மருந்து கொள்ளும் நிபந்தனையின் பேரில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். பாலுணர்வை அடக்குவதற்கென்று தரப்பட்ட அம்மருந்து அவர் உடலையே மாற்றியது. அரசின் இரகசியப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7-ஆம் நாள், நாற்பத்திரண்டு வயது நிறையப் பதினாறு நாள் இருக்கையில், சயனைடு நஞ்சால் உயிரிழந்தார். கட்டிலருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என்றது விசாரணை. வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்தென்றே தாய் நம்பினார். போத்தனூரில் பிறந்த அத்தாய், மகனின் வரலாற்றை நூலாக எழுதி 1959-இல் வெளியிட்டார்.

மன்னிப்பின் பொருள்

இங்கிலாந்தில் அச்சட்டம் 1967-இல் தளர்த்தப்பட்டது. ஆனால் பழைய தண்டனைகள் ஏட்டில் அப்படியே நின்றன. பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் பேரில், 2009 செப்டம்பரில் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2012-இல் மன்னிப்புக் கோரப்பட்டபோதோ, அக்காலச் சட்டப்படி முறையாகத் தண்டிக்கப்பட்டவர் என்று கூறி அரசு மறுத்தது. இறுதியில் 2013 டிசம்பர் 24-ஆம் நாள் எலிசபெத் அரசியார் மன்னிப்பு வழங்கினார்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. மேதைக்கு மட்டும்தானா மன்னிப்பு? அதே சட்டத்தால் வேலையும் குடும்பமும் இழந்த தச்சனுக்கும் ஆசிரியருக்கும் இல்லையா? 2017 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டம் இறந்தோர் சுமார் 49,000 பேருக்கு மன்னிப்பளித்தது. மக்கள் அதனை டூரிங் சட்டம் என்றே அழைத்தனர். உயிரோடிருந்தோர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. மன்னிப்பு என்றாலே குற்றம் செய்ததாகப் பொருள்படும் என்று கூறி, அதனை ஏற்க மறுத்தவர்களும் உண்டு. ஜெர்மனி 2017-இல் வேறு வழி கண்டது. போருக்குப் பின் அளிக்கப்பட்ட அத்தகைய தீர்ப்புகளையே நீக்கி, இழப்பீடும் அறிவித்தது.

மதுரையில் சட்டம் சரியாக இருந்தது, விசாரணை தவறியது. இங்கிலாந்தில் விசாரணை சரியாக நடந்தது. சட்டம் தவறாக இருந்தது. முன்னதைவிடப் பின்னது கொடியது. தவறிய மன்னன் ஒருவனே. தவறான சட்டத்தின்முன் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் கோவலர்களாகின்றனர்.

நம் நாட்டிலும் ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இருந்தது. அதன் கடுமையை 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது. 2013 டிசம்பர் 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. பதின்மூன்றே நாளில் இலண்டனில் டூரிங்குக்கு மன்னிப்பு! 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐவர் அடங்கிய அமர்வு, வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. காலத் தாழ்வுக்காக வரலாறே இம்மக்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்கோத்ரா பதிவு செய்தார்.

இன்று டூரிங்கின் உருவம் 2021-இல் வெளியான ஐம்பது பவுண்டு நோட்டில் உள்ளது. அவர் பெயரால் 1966 முதல் வழங்கப்படும் பரிசே கணிப்பொறி இயலின் நோபல் எனப்படுகிறது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994-இல் அதனைப் பெற்றார். பெருமைகள் அனைத்தும் வந்தன. பெறத்தான் அவர் இல்லை.

நண்பர்களே, பள்ளி நாளில் எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். அவன் நடையையும் பேச்சையும் கண்டு நகைத்தவர்களுள் நானும் ஒருவன். பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். எந்தச் சட்டமும் அவனைத் தண்டிக்கவில்லை, நாங்கள்தான் தண்டித்தோம். அரசுகள் ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாழ்த்தலாம். அவற்றுக்கு ஆயுள் நீளம். நமக்கு அவ்வளவு காலமில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிடுவோம். வரும் விடுமுறையில் நான் அவன் வீட்டைத் தேடிச் செல்லப் போகிறேன்.