இன்சுலின் கண்ட பன்ரிங்

பரீட்சையிலே தவறிய ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி மலரொன்றில் எழுதுதல் முறையோ என ஆசிரியர் சிலர் ஐயுறலாம். ஆயினும் பிரெடெரிக் பன்ரிங்கைப் பற்றி எழுதவே நாம் துணிந்தோம்.

இவர் 1891 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே கமக்காரக் குடும்பமொன்றில் ஐந்தாம் பிள்ளையாகப் பிறந்தார். தொறன்ரோப் பல்கலைக்கழகத்திற் கலைப்பிரிவிற் சேர்ந்து முதலாண்டிலேயே தவறினார். (நம் பழைய மாணவர் பலர் இன்று குடியிருக்கும் தொறன்ரோவேதான்.) பின்னர் மருத்துவம் பயின்று, முதலாம் உலகப் போரிற் காயமுற்று, வீரப்பதக்கமும் பெற்று மீண்டார். கனடாவிலுள்ள லண்டன் நகரிலே மருத்துவசாலை திறந்தார். முதல் மாத வருவாய் நான்கு டொலர்!

1920 ஒக்டோபர் இறுதியில், மாணவர்க்கு விரிவுரை ஆற்றுதற்பொருட்டுச் சதையியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. சதையி இருதொழில் செய்யும் சுரப்பி. சமிபாட்டு நீரைக் கான்வழியே குடலுக்கு அனுப்பும். அதனுள்ளே தீவுகள்போற் கிடக்கும் கலக்கூட்டங்களோ தம் சுரப்பைக் கானின்றி நேரே குருதியிற் கலக்கவிடும். இவ்வாறு குருதியோடு சென்று பிற உறுப்புகளை ஏவும் சுரப்பையே ஓமோன் என்பர். நாயின் சதையியை அகற்றினால் நீரிழிவு தோன்றும் என்பது 1889 இலேயே அறியப்பட்டது. எனினும் அவ்வோமோனைப் பிரித்தெடுக்க முயன்றோர் வெற்றி காணவில்லை. சமிபாட்டு நீரே அதனை அழித்துவிடுகிறது எனக் கருதிய பன்ரிங், கானைக் கட்டிவிட்டால் அந்நீர் சுரக்கும் பகுதி சுருங்கித் தீவுகள் மட்டும் எஞ்சும் என எண்ணினார்.

பேராசிரியர் மக்லியட் அரைமனத்தோடு ஆய்வுகூடமும் பத்து நாய்களும் பெஸ்ற் என்னும் மாணவரையும் உதவினார். 1921 கோடை முழுதும் இருவரும் வெப்பத்தில் உழன்றனர். நாய்கள் பல மாண்டன, சில பிழைத்தன. உண்மையில் கானைக் கட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. மாட்டின் சதையியிலிருந்தே மருந்தை எடுக்கலாம் எனப் பின்னர் தெளிந்தனர். பிழையான வழி சரியான ஊருக்குக் கொண்டுசேர்த்தது என்க.

1922 சனவரி 11 இல் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. பட்டினிச் சிகிச்சையால் அவன் எலும்புந் தோலுமாய்க் கிடந்தான். மருந்தில் மாசு மிகுந்தமையால் அதனை நிறுத்தவேண்டியதாயிற்று. உயிரிரசாயனர் கொலிப் அல்லும் பகலும் முயன்று தூய்மைசெய்த மருந்தைச் சனவரி 23 இல் ஏற்றினர். குருதிச் சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் தேறினான். இன்சுலின் நோயை வேரோடு களையும் மருந்தன்று, நாடோறும் ஏற்றவேண்டுவது. அதன் துணையால் அவன் 1935 வரை வாழ்ந்தான். கொலிப்பின் பெயரைப் பலர் மறந்தமை நமக்கு வருத்தமே.

1923 இல் நொபெல் பரிசு பன்ரிங்குக்கும் மக்லியட்டுக்கும் கிடைத்தது. பெஸ்ற் விடுபட்டமை கண்டு பன்ரிங் வெகுண்டார். தம் பங்கிற் பாதியை அவருக்கு ஈந்தார். மக்லியட்டும் கொலிப்புக்கு அவ்வாறே செய்தார். பன்ரிங் முன்கோபியே, மக்லியட்டின் பால் அவர் கொண்ட கசப்பு நியாயமானதென நாம் கூறோம். ஆனால் பணத்தாசை அவரிடம் இருந்ததில்லை. கோடி ஈட்டியிருக்கத்தக்க உரிமையை அவரும் பெஸ்றும் கொலிப்பும் தலைக்கு ஒரு டொலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 பெப்ரவரியில், பன்ரிங் இங்கிலாந்து நோக்கிச் சென்ற விமானம் நியூபவுண்ட்லாந்திலே வீழ்ந்தது. விமானியைத் தவிர ஏனைய மூவரும் மாண்டனர். பன்ரிங்குக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.