கும்பலின் எதிரே ஹென்றி ஃபோண்டா

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹா நகரில், 1919 செப்டம்பர் 28 அன்று, ஒரு பெருங்கும்பல் நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உள்ளே சிறைவைக்கப்பட்டிருந்த வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெளியே இழுத்து வந்து தூக்கிலிட்டது. வெள்ளையினப் பெண் ஒருவரைத் தாக்கினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. விசாரணை தொடங்கவே இல்லை. தடுக்க முயன்ற மேயர் எட்வர்ட் ஸ்மித்தின் கழுத்திலும் கயிறு விழுந்தது. மயிரிழையில் அவரை மீட்டார்கள். பிரவுனின் உடலைச் சுட்டார்கள், எரித்தார்கள்.

சதுக்கத்தை நோக்கியிருந்த ஓர் அச்சகத்தின் மாடி ஜன்னலிலிருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அச்சகம் அவனுடைய தந்தையுடையது. பார்க்கும்படி அழைத்து வந்தவரும் அவரே. மகனுக்கு அவர் எந்த விளக்கமும் சொல்லவில்லை. இருவரும் பேசாமல் வீடு திரும்பினார்கள்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும் நடிகர்களுள் ஒருவராக உயர்ந்த ஹென்றி ஃபோண்டா. 1935 முதல் 1981 வரை அவர் நடித்த படங்களின் பட்டியல் நீளமானது. அதில் சாதாரணமானவையும் உண்டு. ஆனால் 1939, 1943, 1957 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அந்த ஜன்னலருகே நின்ற சிறுவனின் நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

ஃபோண்டா 1905-இல் பிறந்தவர். ஒமாஹாவின் சமூக நாடக அரங்குக்கு அவரை அழைத்துச் சென்றவர், நடிகர் மார்லன் பிராண்டோவின் தாயார் டோரதி. பின்னர் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுடன் ஒரே அறையில் தங்கி, வறுமையில் வாய்ப்புத் தேடிய காலம். 1935-இல் முதல் படம்.

1939-இல் ஜான் ஃபோர்ட் இயக்கிய 'யங் மிஸ்டர் லிங்கன்' படத்தில் ஆபிரகாம் லிங்கனாக நடிக்க அவர் முதலில் தயங்கினார். அது கடவுளாக நடிப்பதற்கு நிகர் என்று அவருக்குத் தோன்றியது. நீ நடிக்கப்போவது ஜனாதிபதியாக அல்ல, ஊர்ப்புற இளம் வழக்குரைஞராகத்தான் என்று ஃபோர்ட் அதட்டி இணங்கவைத்தார். அப்படத்தில் சிறைக்கதவை மரக்கட்டையால் இடித்து உடைக்க வரும் கும்பலை லிங்கன் தனியாளாக நின்று எதிர்கொள்கிறார். வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைத்து, பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெட்கப்பட வைத்துக் கலைக்கிறார். ஒமாஹாவின் மேயரால் இயலாதது திரையில் இயன்றது.

மறு ஆண்டே ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படமானது. ஓக்லஹோமாவில் நிலம் இழந்து, கலிபோர்னியாவுக்குக் கூலி தேடிப் போகும் குடும்பத்தின் கதை. பெருமந்தம் பற்றி வகுப்பெடுத்த ஆண்டுகளில், வேலையின்மை விகிதங்களைக் கரும்பலகையில் எழுதி முடித்தபின் இந்தப் படத்தைப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். ஆள் தேவை என்ற துண்டறிக்கையை நம்பித் தேவைக்கு மேல் மக்கள் வந்து குவிய, கூலி சரிவதை எந்தப் பாடநூல் வரைபடமும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியதில்லை.

நாயகன் டாம் ஜோட் வேடத்துக்கு ஃபோண்டா ஏங்கினார். ஃபாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் டேரில் ஜானக் அந்த ஏக்கத்துக்கு விலை வைத்தார்: ஏழாண்டு ஒப்பந்தம். கையெழுத்திட்டால், நிறுவனம் தரும் படத்தில் நடிக்க வேண்டும். மறுத்தால் ஊதியம் நிற்கும். நல்ல சம்பளத்துடன் கூடிய பண்ணையடிமை முறை என்றே அக்கால ஸ்டுடியோ ஒப்பந்தங்களை நான் கருதுகிறேன். நிலமற்ற கூலியாக நடிப்பதற்காக ஃபோண்டா தம் உழைப்பை ஏழாண்டுகளுக்கு அடமானம் வைத்தார். பிறகு ஜானக் கொடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை அவர் வெறுத்தார்.

விதிவிலக்கு, வில்லியம் வெல்மேன் இயக்கி 1943-இல் வெளியான 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்'. மாடு திருடிக் கொலையும் செய்தார்கள் என்ற சந்தேகத்தில் மூவரைப் பிடிக்கும் கும்பல், விடியும்வரை காத்திருந்து தூக்கிலிடுகிறது. ஃபோண்டாவின் பாத்திரம் வீரன் அல்ல. ஊருக்கு வந்த ஒரு சாதாரண மாட்டிடையன். எதிர்த்து நிற்கும் எழுவரில் அவனும் ஒருவன், அவ்வளவே. எதையும் தடுக்க அவனால் முடிவதில்லை. மூவரும் நிரபராதிகள் என்று பிறகு தெரிகிறது. இறந்தவர்களில் ஒருவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை இறுதியில் அவன் மதுக்கூடத்தில் வாசிக்கிறான். அப்போது நண்பனின் தொப்பி விளிம்பு ஃபோண்டாவின் கண்களை மறைத்து நிற்கிறது. குரல் மட்டும்தான் நடிக்கிறது. அவருடைய படங்களில் எனக்கு மிகப் பிடித்த நிமிடங்கள் இவை. படம் வசூலில் தோற்றது.

அதற்கிடையே அவர் கடற்படையில் சேர்ந்து பசிபிக் போர்முனைக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்து சில படங்கள். பிறகு பிராட்வேயில் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகத்தின் பெருவெற்றி.

1957-இல் வந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தை அவரே கதாசிரியர் ரெஜினால்ட் ரோஸுடன் சேர்ந்து தயாரித்தார். சுமார் 3.4 லட்சம் டாலர் செலவு. புதுமுக இயக்குநர் சிட்னி லூமெட். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறையில். தந்தையைக் கொன்றதாக வழக்கில் நிற்கும் இளைஞனைக் குற்றவாளி என்கிறார்கள் 11 ஜூரிகள். ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரி, அவன் நிரபராதி என்று வாதிடவில்லை. ஓர் உயிரை அனுப்புமுன் கொஞ்சம் பேசலாமே என்கிறார். நாற்காலியும் மின்விசிறியும் இருக்கும் அறையிலும் கும்பல் உருவாகும் என்பதை அந்தப் படம் காட்டியது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றும் திரையரங்குகளில் ஓடவில்லை. பிற்பாடு பெற்றுக்கொள்வதாக விட்டுவைத்த தம் ஊதியம் ஃபோண்டாவுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அதன்பின் அவர் படத்தயாரிப்பில் இறங்கவில்லை. இந்தியில் பாசு சாட்டர்ஜி இக்கதையை 1986-இல் எடுத்தார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்களில் கும்பலிடம் சிக்குவோர் கறுப்பினத்தவர் அல்லர். தன் சகோதரன் தூக்கிலிடப்பட்டதைச் சிறுவயதில் கண்ட ஒரு கறுப்பின மனிதர் 'ஆக்ஸ்-போ' படத்தில் ஓரமாக வருகிறார். அக்கால ஹாலிவுட் அந்த அளவுக்குத்தான் இடம் கொடுத்தது.

1968-இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே, இந்த நல்லவரின் நீலக் கண்களைக் கொண்டே குழந்தையைக் கொல்லும் கொடியவனைப் படைத்தார். வீட்டில் ஃபோண்டா இறுக்கமானவர். ஐந்து முறை மணம் புரிந்தவர். பிள்ளைகளுக்கு எட்டாத தந்தை. மகள் ஜேன் தந்தைக்காகவே 'ஆன் கோல்டன் பாண்ட்' நாடகத்தின் உரிமையை வாங்கினார். அப்படத்துக்காக 1982-இல், 76-ஆம் வயதில், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் முதன்முறையாக அவருக்குக் கிடைத்தது. நோயுற்றிருந்த தந்தையின் சார்பில் மகளே அதைப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று ஃபோண்டா மறைந்தார்.

ஒமாஹாவில் வில் பிரவுனின் புதைகுழி 90 ஆண்டுகள் அடையாளமின்றிக் கிடந்தது. ஃபோண்டாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தின் வழியாக அந்தக் கொலையை அறிந்த கலிபோர்னியவாசி ஒருவர், 2009-இல் தம் சொந்தச் செலவில் அங்கே ஒரு கல்லை வைத்தார்.