தோற்ற வழக்கால் வென்ற ஜேம்ஸ் ஓட்டிஸ்

நீதிமன்றத்தில் தோற்ற வாதம் ஒன்று, பின்னாளில் ஒரு நாட்டின் சட்டமாக மலர்ந்தது. அவ்வாதத்தை எடுத்துரைத்த பெருமகனார் ஜேம்ஸ் ஓட்டிஸ் ஆவார்.

அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலம் அது. மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள பார்ன்ஸ்டபிளில் 1725ஆம் ஆண்டு பிறந்த ஓட்டிஸ், ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1743இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் கற்றுப் பாஸ்டன் நகரில் புகழ்மிக்க வழக்கறிஞராகத் திகழ்ந்தார். கடல்சார் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் என்னும் உயர்பதவியும் அவரை நாடி வந்தது.

கடத்தற் பொருளைத் தேடுவதாகக் கூறிச் சுங்க அதிகாரிகள் எவர் வீட்டிலும் புகுந்து சோதனையிட இடந்தரும் பொது ஆணைகள் அந்நாளில் நடைமுறையில் இருந்தன. 1760இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறையவே, அவ்வாணைகளைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அரசுக்காக வாதாட வேண்டியவர் ஓட்டிஸ். அவரோ மனச்சான்றுக்கு மாறாக நடக்க மனமின்றிப் பதவியைத் துறந்தார். ஆணைகளை எதிர்த்த வணிகர் பக்கம் நின்றார். ஊதியம் பெறவும் மறுத்தார்.

1761 பிப்ரவரியில் பாஸ்டன் நீதிமன்றத்தில் பல மணி நேரம் அவர் வாதாடினார். ஐயத்திற்குரிய இடத்தையும் காரணத்தையும் குறிப்பிடாத சோதனை ஆணை குடிமக்களின் உரிமையைப் பறிப்பது என்பதே அவர் வாதத்தின் சாரம். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், இளம் வழக்கறிஞராக அவையில் அமர்ந்து அதனைச் செவிமடுத்தார். எனினும் தீர்ப்பு அரசுக்கே சாதகமாயிற்று.

வழக்கில் தோற்றவரை மக்கள் கைவிடவில்லை. அவ்வாண்டிலேயே அவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். 1764இல் வெளியிட்ட நூலில், வெள்ளையரும் கறுப்பரும் பிறப்பால் உரிமை உடையவரே என்று அவர் நிறுவினார். அடிமை முறை வேரூன்றியிருந்த காலத்தில் அது அரிய துணிவாகும். 1765இல் முத்திரைத்தாள் வரியை எதிர்த்து நியூயார்க்கில் கூடிய மாநாட்டிலும் பங்கேற்றார்.

1769இல் சுங்க அதிகாரி ஒருவருடன் நேர்ந்த மோதலில் ஓட்டிஸ் தலையில் காயமுற்றார். முன்னரே தளர்ந்து வந்த அவர்தம் மனநலம் அதன்பின் மேலும் குன்றியது. பொதுவாழ்விலிருந்து படிப்படியாக விலகினார். 1783 மே 23ஆம் நாள் ஆண்டோவர் என்னும் ஊரில் இடி தாக்கி உயிர் நீத்தார்.

அவர் மறைந்து 8 ஆண்டுகள் கழித்து, 1791இல், தக்க காரணமும் இடக்குறிப்பும் இன்றிச் சோதனை ஆணை பிறப்பிப்பதைத் தடுக்கும் 4ஆவது திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. அதனைக் காண ஓட்டிஸ் இல்லை. ஆயினும், பதவியினும் மனச்சான்றே பெரிதென 1761இல் அவர் நின்ற நிலை வீண்போகவில்லை.