துகள்களை எண்ணிய கைகரும் அவரை விடாது தொடர்ந்த அயனிகளும்

புதுதில்லி, செப். 30: கதிரியக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'டிக் டிக்' என ஒலிக்கும் ஒரு சிறு கருவி. அதற்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஹான்ஸ் கைகரின் பிறந்த நாள் இன்று. அவருடைய கருவி புகழ்பெற்ற அளவுக்கு, அதனுள்ளே பதுங்கியிருந்த சிக்கல் வெளியே பேசப்பட்டதில்லை. அச்சிக்கல் இன்றும் முற்றாகத் தீரவில்லை.

1882இல் நாய்ஸ்டாட் நகரில் பிறந்தவர் கைகர். தந்தை வில்ஹெல்ம் கைகர் பாலி மொழியறிஞர்; இலங்கையின் மகாவம்சத்தைப் பதிப்பித்து, மொழிபெயர்த்தவர். தம்பி ருடால்ஃப் புகழ்பெற்ற காலநிலை ஆய்வாளரானார். ஹான்ஸ், வாயுக்களில் நிகழும் மின்னிறக்கம் குறித்து ஆராய்ந்து 1906இல் எர்லாங்கனில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குச் சென்றார்.

அங்கு எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டுடன் இணைந்தது அவரது வாழ்வின் திருப்புமுனை. அந்நாளில் ஆல்ஃபா துகள்களை எண்ணுவதென்றால், இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு திரையில் தோன்றும் நுண்ணிய மினுக்கல்களைக் கண்ணால் கணக்கிட வேண்டும். கண்ணுக்குப் பதிலாக மின்சாரமே எண்ணட்டும் என 1908இல் இருவரும் ஒரு குழாயை வடிவமைத்தனர். குழாயினுள் வாயு, நடுவே மெல்லிய கம்பி. நுழையும் துகள் வாயு அணுக்களிலிருந்து சில எலக்ட்ரான்களை உதிர்க்கும். கம்பியை நெருங்குகையில் அவை வேகம் கொண்டு மேலும் அணுக்களை மோத, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பனிச்சரிவுபோல் பெருகும். மறு ஆண்டு எர்னஸ்ட் மார்ஸ்டனுடன் சேர்ந்து அவர் நடத்திய உலோகத் தகட்டுச் சோதனை, அணுக்கரு என்ற கருத்துக்கே வழிவகுத்தது. ஆயினும் அச்சோதனைக்கு அவர்கள் நம்பியது பழைய இருட்டறையையும் கண்களையும்தான்!

1912இல் பெர்லின் திரும்பிய அவர், முதல் உலகப்போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றினார். அப்போது பெர்லினில் சிறைவைக்கப்பட்ட ஆங்கிலேய மாணவர் ஜேம்ஸ் சாட்விக்குக்கு உதவியவர்களுள் இவரும் ஒருவர். பின்னாளில் நியூட்ரானைக் கண்டறிந்தவர் அதே சாட்விக்.

1928இல் கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர் வால்தர் முல்லருடன் உருவாக்கியதே இன்று நாமறிந்த கைகர்-முல்லர் குழாய்.

எஞ்சி நிற்கும் அயனிகள்

எலக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் கம்பியை அடைந்துவிடும். அவற்றை இழந்த நேர்மின் அயனிகளோ கனமானவை; ஆயிரம் மடங்குக்குக் குறையாத மந்த வேகத்தில் நகர்பவை. கம்பியைச் சுற்றிப் போர்வைபோல் படிந்து மின்புலத்தை அவை தளர்த்திவிடும். அந்தச் சிறு இடைவேளையில், ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடி, குழாய் குருடாகிவிடும். அயனிகள் சுவரை அடைந்தாலும் தொல்லை ஓயாது. மோதிய இடத்தில் புதிய எலக்ட்ரானைக் கிளப்பிப் பொய்க் கணக்கைத் தொடங்கிவைக்கும். 1937இல் அடோல்ஃப் டிராஸ்ட் வாயுவுடன் சாராய ஆவியைக் கலந்து இதற்குத் தீர்வு கண்டார். சாராய மூலக்கூறு மின்னூட்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு, சுவரில் எலக்ட்ரானை எழுப்பாமல் தானே சிதைந்துவிடும்.

நாஜி ஆட்சிக் காலத்தில் கைகரின் நடத்தையை ஒரே நிறத்தில் தீட்ட இயலாது. நவீன இயற்பியலைத் தாக்கிய இனவாதப் பிரிவினருக்கு எதிராக 1936இல் 75 இயற்பியலாளர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை முன்னெடுத்தவர்களுள் அவரும் உண்டு. எனினும் 1933இல் டியூபிங்கனில் யூதத் தாயின் மகன் என்பதற்காகப் பணியிழந்த ஹான்ஸ் பெத்தேவுக்கு அவரிடமிருந்து ஆறுதல் கிட்டவில்லை. 1939இல் யுரேனியம் ஆய்வு பற்றிய ராணுவக் கூட்டத்திலும் அவர் பங்கேற்றார். வாத நோயால் நலிந்திருந்த நிலையில், போரின் முடிவில் பாபெல்ஸ்பெர்க் இல்லத்தை இழந்து, 1945 செப்டம்பர் 24 அன்று போட்ஸ்டாமில் காலமானார்.

தொடரும் போராட்டம்

அயனித் தொல்லை அவரோடு மறையவில்லை. ஒளித்துகளை உணரும் வாயுக் கருவிகளில், பின்னோக்கி வரும் அயனிகள் ஒளியுணர் பூச்சையே தாக்கி அரிக்கின்றன. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் கழகம் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் பங்குபெறும் ஆலிஸ் பரிசோதனையில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட வாயுக் கலம் உள்ளது. முன்பு மின்கம்பி வலையால் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் வாயில் அடைத்து அயனிகளைத் தடுத்தனர். வினாடிக்கு 50,000 ஈய அணுக்கரு மோதல்களைப் பதிவுசெய்ய வேண்டிய நிலையில் வாயிலை மூட நேரமேது?

ஆகவே ஃபேபியோ சவுலி 1997இல் அறிமுகப்படுத்திய 'ஜெம்' எனும் துளைத் தகடுகள் நான்கை அடுக்கினர். இருபுறமும் செம்பு பூசிய, 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிமர் தாள்கள் அவை. எலக்ட்ரான்கள் துளைகளுள் பெருகிக் கீழிறங்க, மேலேறும் அயனிகளுள் பெரும்பாலானவை இடையிலுள்ள செம்புப் பரப்புகளில் சிக்கிக்கொள்கின்றன. கலத்துக்குள் மீளும் அயனிகள் 1 சதவீதத்துக்கும் குறைவே. அந்தச் சிறு பங்கும் எலக்ட்ரான்களின் தடத்தைச் சில சென்டிமீட்டர் வரை விலக்கிவிடுவதால், தரவுகள் வந்தபின் கணினிகள் அந்த விலகலைக் கணக்கிட்டுத் திருத்துகின்றன.